பழைய டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப் பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களின் நடுவில் தொடங்கி 1980கள் வரை வந்த, வால்வு என்ற கண்ணாடிக் குழாய் இல்லாத கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைப் (ஆம்ப்) பற்றியது இது. மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் பிடிக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதியிருக்கிறேன். இரண்டும் புதிது என்றால், முதலில் ஒரு பழைய ரேடியோவைக் கெடுத்துப் பழகிவிட்டு வாருங்கள். ஆம்ப் எங்கேயும் ஓடிவிடாது.

வால்வு ஆம்ப் பார்த்துப் பழக்கம் இருக்கிறது. இதுவும் அதே மாதிரிதானே?

இல்லை. வால்வு ஆம்பில் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் நிற்கும். ஒன்று கெட்டால் பெரும்பாலும் கெடுதல் அதோடு நின்றுவிடும். சந்தேகமான வால்வைப் பிடுங்கி வேறொன்றைச் செருகியும் பார்க்கலாம். டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் (ஸ்பீக்கரைத் தள்ளும் கடைசிப் பகுதி) பெரும்பாலானவற்றில் முதல் டிரான்சிஸ்டரிலிருந்து அவுட்புட் வரை எல்லாம் நேரடியாகக் கோத்தவை. போதாததற்கு அவுட்புட்டிலிருந்து முதல் நிலைக்கு ஃபீட்பேக் திரும்பி வருகிறது. ஓரிடத்தில் வோல்டேஜ் பிசகினால் எல்லா இடத்திலும் பிசகும். பத்து இடத்தில் தப்பான வோல்டேஜ் காட்டும் மீட்டர், எதனால் எது பிசகியது என்று சொல்லாது.

வேகமும் வேறு. வால்வு சிவந்து எரிவதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஸ்விட்சை அணைக்க நேரம் இருக்கும். டிரான்சிஸ்டர் அந்த அவகாசம் தராது. ஃபியூஸைக் காப்பாற்ற டிரான்சிஸ்டர் உயிரை விடும் என்பது பெஞ்சில் உட்காருகிறவர்களின் பழைய கிண்டல். அதனால் இந்த வேலையில் பாதி, பவர் போடாமல் அளப்பதுதான்.

இதில் 400 வோல்ட் கிடையாதே, ஷாக் பயம் இல்லைதானே?

உள்ளே இருப்பது பெரும்பாலும் 30 முதல் 50 வோல்ட் வரையான டிசி, உண்மைதான். ஆனால் மெயின்ஸ் வயர் அதே சேசிக்குள், அதாவது உலோகச் சட்டத்துக்குள்தான் வருகிறது. ஸ்விட்சிலும் ஃபியூஸ் ஹோல்டரிலும் மூடாமல் திறந்து நிற்கும். முதல் வேலையாக அந்த முனைகளுக்கு ஸ்லீவ் போடுங்கள்.

பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 40 வோல்ட்டில் நிரம்பியிருந்தால் அதில் ஏறக்குறைய 3.8 ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் முனை உருகும், கண்ணுக்கு நேரே பொறி பறக்கும். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் கிளிப் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நொடி பிடித்தால் இறங்கிவிடும். பிறகும் மீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முள் பிளக்கோடு வந்த பழைய ஆம்ப்களில் கிரவுண்ட் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கும். மெயின்ஸின் ஏதாவது ஒரு வயரிலிருந்து ஒரு கெப்பாசிட்டர் வழியாக சேசிக்கு இணைப்புக் கொடுப்பது அதன் வேலை. அந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக சேசிக்கு வரும். அங்கிருந்து கிட்டார் கம்பிக்கு, கம்பியிலிருந்து விரலுக்கு. அதைக் கழற்றிப் போடுங்கள், எர்த் உள்ள மூன்று முள் கார்டு போடுங்கள், எர்த் வயரைத் தனி போல்ட்டில் சேசியோடு இறுக்குங்கள். பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று இதை மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

என்ன சாமான்கள் தேவை? ஆசிலோஸ்கோப் இல்லாமல் முடியுமா?

பெரும்பாலான பழுதுகளுக்கு முடியும். டயோடு டெஸ்ட் உள்ள மல்டிமீட்டர், 8 ஓம் 100 வாட் டம்மி லோடு (ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் பெரிய ரெசிஸ்டர்), போனாலும் கவலைப்படத் தேவையில்லாத ஒரு பழைய ஸ்பீக்கர், ஈயம் உறிஞ்சும் பம்ப் அல்லது பின்னல் இவை போதும். சிக்னல் எங்கே நிற்கிறது என்று தேட, சின்ன பேட்டரி ஆம்ப் ஒன்றின் இன்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து ஒரு முனை செய்துகொள்ளுங்கள். அது தொடும் இடத்தில் பாட்டுக் கேட்கும். ஸ்கோப் வாங்குவதற்கு முன் பல வருடம் நான் இதை வைத்துத்தான் ஓட்டினேன்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று உண்டு: சீரிஸ் பல்பு.

சீரிஸ் பல்பு எப்படி வேலை செய்கிறது?

ஆம்புக்குப் போகும் மெயின்ஸ் லைனில் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக வைப்பது. எல்ஈடி பல்பு உதவாது. சூடாகும் இழைதான் இங்கே கருவி. இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, எரியும்போது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஆம்ப் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்தால் பல்பு வழிவிடும். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, மெயின்ஸ் முழுவதையும் தானே தாங்கிக்கொள்ளும். உங்கள் புது டிரான்சிஸ்டர் பிழைக்கும்.

சின்ன ஆம்புக்கு 60 வாட், 100 வாட் தரும் ஆம்புக்கு 100 வாட் பல்பு. நல்ல ஆம்பில் ஸ்விட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து (ஃபில்டர் கெப்பாசிட்டர் நிரம்புகிறது) உடனே மங்கிவிடும். மங்காமல் நின்றால் அணையுங்கள். 'இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போமே' என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

பல்பு இருக்கும்போது உள்ளே வோல்டேஜ் குறைவாகவே இருக்கும். அந்த நிலையில் கிட்டாரைச் செருகி சத்தமாக வாசித்துவிட்டு, ஒலி உடைகிறது என்று குறை சொல்லக் கூடாது.

சர்க்யூட் படம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

முதலில் கேபினெட்டின் உள்பக்கம் பாருங்கள். அந்தக் காலத்தில் பல தயாரிப்பாளர்கள் படத்தை உள்ளேயே ஒட்டிவிடுவார்கள். இல்லையென்றால் பவர் ஆம்ப் பகுதியை மட்டும் நீங்களே வரையுங்கள். பத்துப் பன்னிரண்டு டிரான்சிஸ்டர்தான், ஒரு மாலை வேலை. வரையும்போதே பாதிப் பழுது கண்ணில் படும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சப்ளை ஒன்றா இரண்டா என்பது. ஒற்றை சப்ளை என்றால் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 1000, 2000 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் நிற்கும். அதற்கு முந்தைய புள்ளியில் சப்ளையில் பாதி வோல்டேஜ் இருக்க வேண்டும். பிளஸ், மைனஸ் என்று இரண்டு சப்ளை என்றால் ஸ்பீக்கர் நேராகவே இணைந்திருக்கும். அங்கே பூஜ்யம் காட்ட வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.

ஆம்பின் வயது தெரிய வேண்டுமென்றால் வால்யூம் கன்ட்ரோலின் முதுகைப் பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் 1377012 போல ஓர் எண் இருக்கும். 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 70 என்பது 1970, 12 என்பது அந்த ஆண்டின் 12ஆவது வாரம். அது கன்ட்ரோல் செய்த தேதி. ஆம்ப் அதற்குப் பிறகுதான் வந்திருக்கும்.

ஸ்விட்ச் போட்டால் லைட்டே எரியவில்லை.

கார்டு, ஃபியூஸ், ஸ்விட்ச், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி என்ற வரிசையில் பிளக்கைக் கழற்றிவிட்டு கன்டினியூட்டி பாருங்கள். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம், மூடிக்குள் அறுந்த கம்பி வெளியே தெரியாது. பிரைமரியே ஓப்பன் என்றால் அதன் சுற்றுக்குள் ஒரு வெப்ப ஃபியூஸ் புதைந்திருக்க வாய்ப்பு உண்டு. லைட் எரிந்து சத்தம் மட்டும் இல்லை என்றால் அது வேறு கதை.

ஃபியூஸ் போட்டவுடன் போகிறது.

பெரிய ஃபியூஸ் போடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சீரிஸ் பல்பை வைத்துப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி வயர்களைக் கழற்றிவிட்டுப் பவர் போடுங்கள். பல்பு அப்போதும் எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. அது அபூர்வம். எரியவில்லை என்றால் ரெக்டிஃபயரையும் ஃபில்டர் கெப்பாசிட்டரையும் மட்டும் இணைத்துப் பாருங்கள். இப்போது எரிந்தால் நான்கு டயோடில் ஒன்று ஷார்ட், அல்லது கெப்பாசிட்டர். அதுவும் இல்லையென்றால் பவர் ஆம்ப் போர்டு. பத்தில் எட்டு முறை வண்டி வந்து நிற்பது இங்கேதான்.

பவரை எடுத்து, கெப்பாசிட்டரைக் காலி செய்துவிட்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களை அளக்க வேண்டும். பழைய ஆம்ப்களில் இது பெரும்பாலும் டிஓ-3 என்ற உலோக உடம்பு: இரண்டு கால் பேஸும் எமிட்டரும், உடம்பே கலெக்டர். டயோடு டெஸ்டில் பேஸிலிருந்து எமிட்டருக்கும் கலெக்டருக்கும் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மறுதிசையில் ஒன்றும் காட்டக் கூடாது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மீட்டர் கூவினால் அது போய்விட்டது. போர்டில் வைத்தே அளந்தால் பக்கத்து ரெசிஸ்டர்கள் குழப்பும்; இரண்டு ஸ்குரூதான், கழற்றி அளங்கள். சாக்கெட்டில் உட்கார்ந்த மாதிரி என்றால் சால்டர்கூடத் தொட வேண்டாம்.

கழற்றும்போது அடியில், டிரான்சிஸ்டர் உடம்பை ஹீட்சிங்கிலிருந்து (சூட்டை வாங்கும் உலோகத் தகடு) மின்சாரம் கடக்காமல் பிரிக்கும், கண்ணாடி போலிருக்கும் மைக்கா தகட்டைக் கவனியுங்கள். ஒரு ஆம்பில் நான்கு டிரான்சிஸ்டரும் நல்லது, அவற்றைத் தள்ளும் டிரைவர் டிரான்சிஸ்டரும் நல்லது, ஆனால் பல்பு மட்டும் மங்கவே இல்லை. மைக்காவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஸ்குரூ ஓட்டையின் விளிம்பில் குண்டூசி முனையளவு ஒரு கருப்புப் புள்ளி. ஹீட்சிங்கில் துளை போட்டபோது வழித்தெடுக்காமல் விட்ட அலுமினியச் சிலும்பு, வருடக்கணக்கில் சூடாகி ஆறி, மைக்காவைத் துளைத்து டிரான்சிஸ்டர் உடம்பைத் தொட்டிருந்தது. துளையின் வாயைப் பெரிய டிரில் முனையால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, புது மைக்கா போட்டதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து டிரான்சிஸ்டரை மாட்டியதும் உடம்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே அளக்காமல் பவர் போடுவதில்லை. (ஹீட்சிங்கே தனியாக இன்சுலேட் ஆகியிருக்கும் சில வடிவமைப்புகளில் அங்கே தொடர்பு இருப்பது சரிதான். படம் வரைந்திருந்தால் தெரிந்துவிடும்.) மைக்காவுக்குப் பதில் வெள்ளைப் பீங்கான் தகடு இருந்தால் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு உண்டு, அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றினேன். ஒரே நொடியில் மறுபடி போய்விட்டது. ஏன்?

ஏனென்றால் போனது அது மட்டும் இல்லை. ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்போது தன்னைத் தள்ளிய டிரைவரையும், எமிட்டரில் இருக்கும் 0.33 அல்லது 0.47 ஓம் ரெசிஸ்டரையும், சில நேரம் பேஸ் ரெசிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போகும். எதிர்ப் பக்கத்துத் துணை டிரான்சிஸ்டரும் அடி வாங்கியிருக்கும். நான்கு பவர் டிரான்சிஸ்டர் இருந்தால் நான்கையும், இரண்டு டிரைவரையும், சின்னச் சின்ன ரெசிஸ்டர் எல்லாவற்றையும் அளந்த பிறகுதான் புதியதை மாட்ட வேண்டும். எமிட்டர் ரெசிஸ்டர் வெளியே கருகாமலேயே ஓப்பன் ஆகியிருக்கும், முகத்தைப் பார்த்து நம்பக் கூடாது.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஒரு முறை இரண்டு ஜோடியைக் கொளுத்தியிருக்கிறேன். எல்லாம் அளந்தாகிவிட்டது, எல்லாம் நல்லது. மாட்டினேன், போனது. இன்னொரு ஜோடி மாட்டினேன், அதுவும் போனது. சீரிஸ் பல்பு அலமாரியில் இருந்தது, எடுக்கச் சோம்பல். மூன்றாவது ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் பயாஸ் டயோடு (சிக்னல் இல்லாதபோது அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்டை நிர்ணயிப்பது) நினைவுக்கு வந்தது. டிரான்சிஸ்டரின் சூட்டை உணர வேண்டும் என்பதற்காக அதை ஹீட்சிங்கில் ஒரு குழிக்குள் பசையோடு உட்கார வைத்திருப்பார்கள். அதன் ஒரு கால், கண்ணாடி உடம்போடு சேரும் இடத்தில், ஸ்லீவுக்குள்ளே முறிந்திருந்தது. மீட்டர் முனையால் அழுத்தும்போது தொட்டுக்கொள்ளும், நல்ல டயோடாகக் காட்டும். கையை எடுத்தால் ஓப்பன். அந்த டயோடு ஓப்பன் ஆனால் அவுட்புட்டின் மேல் பாதி, கீழ் பாதி இரண்டும் ஒரே சமயத்தில் முழுதாகத் திறந்து சப்ளையை ஷார்ட் செய்யும். ஒரு சின்ன டயோடு நான்கு டிரான்சிஸ்டரைத் தின்றது அப்படித்தான்.

சும்மா இருக்கும்போதே ஹம் வருகிறது.

எல்லா வால்யூமையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹம் அப்படியே நின்றால் பவர் ஆம்ப் அல்லது சப்ளை. குறைந்தால் ப்ரீஆம்ப் (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) அல்லது கிட்டாரும் கேபிளும். சிங்கிள் காயில் பிக்அப் உள்ள கிட்டாரைப் பிடித்தபடி நீங்கள் திரும்பும்போது ஹம் கூடிக் குறைந்தால் ஆம்பைத் திறக்கவே வேண்டாம்.

ஹம்மின் குரலும் துப்புத் தரும். மெயின்ஸ் அதிர்வெண்ணிலேயே, அதாவது 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், அடிக்குரலில் உறுமினால் எர்த் இணைப்பு, ஷீல்டு, வயர் போகும் பாதை இவற்றில் கோளாறு. அதன் இரண்டு மடங்கில், கொஞ்சம் கூர்மையாக ரீங்கரித்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. மீட்டரை ஏசியில் வைத்து ஃபில்டர் முனைகளில் அளங்கள். ஆம்ப் சும்மா இருக்கும்போது சில நூறு மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை, வோல்ட் கணக்கில் இருந்தால் கெப்பாசிட்டர் முடிந்தது. இரண்டு சப்ளை ஆம்பில் இரண்டையும் ஒப்பிட்டால் எது குற்றவாளி என்று உடனே தெரியும்.

ப்ரீஆம்ப்புக்குத் தனியாக ஒரு ரெசிஸ்டரும் 100 அல்லது 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கும். பெரிய கெப்பாசிட்டரைப் பார்த்துவிட்டு இந்தச் சின்னதை மறந்துவிடுவார்கள். பவரை எடுத்துவிட்டு, பிளஸ் மைனஸ் பார்த்து ஒரு நல்ல கெப்பாசிட்டரை அதன் மேல் கிளிப் போட்டு, மறுபடி பவர் போட்டுக் கேளுங்கள். ஹம் போனால் விடை கையில்.

சத்தம் வருகிறது, போகிறது. பெட்டியைத் தட்டினால் சரியாகிறது.

அதிக நேரம் தின்னும் பழுது இது. ஆனால் காரணம் பெரும்பாலும் இரண்டே.

முதலாவது ஜாக். எஃபெக்ட் லூப், ஹெட்ஃபோன், பவர் ஆம்ப் இன் போன்ற ஜாக்குகளுக்குள்ளே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பிளக் செருகாதபோது சிக்னல் அதன் வழியாகத்தான் கடக்கும். இருபது வருடம் யாரும் பிளக் செருகாமல் விட்டால் அந்தத் தொடுமுனை கருத்துப்போகும். எஃபெக்ட் லூப்பில் சிக்னல் வெளியே போகும் செண்டு ஜாக்குக்கும் திரும்பி வரும் ரிட்டர்ன் ஜாக்குக்கும் ஒரு சின்ன கேபிளைப் போட்டு இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பினால் பழுது அங்கேதான். கான்டாக்ட் கிளீனரில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டை அந்த முனைகளுக்கு நடுவே விட்டு இழுத்தால் கருப்பு வரும். உப்புத்தாள் போடக் கூடாது, முலாம் போய்விடும்.

இரண்டாவது டிரை சால்டர், அதாவது பிடிப்பு விட்ட ஈய இணைப்பு. போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த ஜாக், கன்ட்ரோல், கனமான கெப்பாசிட்டர், சூடாகும் ரெசிஸ்டர் இவற்றின் கால்களைச் சுற்றி, நகக்கண் மாதிரி மெல்லிய வளையமாக ஒரு விரிசல் தெரியும். பூதக்கண்ணாடியும் சாய்ந்து விழும் வெளிச்சமும் வேண்டும். மேலாக அயர்னை வைத்து உருக்கினால் போதாது. பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிது வையுங்கள். அந்தக் காலத்துப் போர்டில் தாமிரம் எளிதில் உரியும், அதனால் சூட்டை நீட்டாதீர்கள். எங்கே விரிசல் என்று தெரியாவிட்டால், ஆம்ப் ஓடும்போது ஒரு மரக்குச்சியால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். மரக்குச்சிதான், பேனாக்கத்தி அல்ல.

கன்ட்ரோலைத் திருகினால் கரகர என்கிறது. கிளீனர் அடித்தும் போகவில்லை.

ஒரு முறை அடித்து முப்பது தடவை முழுதாகத் திருகினீர்களா? மசகு கலந்த கான்டாக்ட் கிளீனர்தானா? துரு நீக்கும் ஸ்ப்ரே என்றால் கன்ட்ரோலை இன்னும் கெடுத்திருப்பீர்கள்.

இதெல்லாம் சரி, கரகரப்பு இன்னும் இருக்கிறது என்றால் குற்றம் கன்ட்ரோலில் இல்லை. அதன் முனைகளில் டிசி அளங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால், முந்தைய நிலையிலிருந்து வரும் கப்ளிங் கெப்பாசிட்டர் லீக். 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையான சின்ன எலக்ட்ரோலிட்டிக் அல்லது துளி வடிவ டான்டலம் ஒன்று அங்கே இருக்கும். அதை மாற்றினால் கன்ட்ரோல் தானாகவே சாந்தமாகிவிடும். கன்ட்ரோலைப் புதிதாக வாங்கிப் போட்டும் கரகரக்கிறது என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

அப்பளம் பொரிப்பது போல இரைச்சல்.

சீரான 'உஸ்' என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், அந்தக் காலத்து டிரான்சிஸ்டரின் இயல்பு. வெடித்து வெடித்து வந்தால் ஒரு டிரான்சிஸ்டரோ ரெசிஸ்டரோ ஐசியோ போய்க்கொண்டிருக்கிறது. 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் ஒரு முனையை கிரவுண்டில் வைத்து, மறுமுனையால் கடைசி நிலையிலிருந்து இன்புட்டை நோக்கி, ப்ரீஆம்பில் மட்டும், ஒவ்வொரு நிலையின் சிக்னலையும் கிரவுண்ட் செய்துகொண்டே வாருங்கள். எந்த நிலையைத் தொடும்போது இரைச்சல் நிற்காமல் தொடர்கிறதோ, சிக்னல் போகும் திசையில் அதற்கு அடுத்து வரும் நிலையில் பழுது. குளிர் ஸ்ப்ரே இருந்தால் சந்தேகப்பட்ட பாகத்தின் மேல் ஒரு சொட்டு. சத்தத்தின் குணம் மாறினால் அதுதான்.

ஐசி உள்ள 70களின் கடைசி, 80களின் ஆம்ப்களில் 4558 போன்ற எட்டுக்கால் ஐசியின் 8ஆம் காலிலும் 4ஆம் காலிலும் பிளஸ், மைனஸ் 15 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று காணவில்லை என்றால் ஐசியைப் பழிக்காதீர்கள். அந்த சப்ளைக்கு வரும் ரெசிஸ்டரோ சீனர் டயோடோ போயிருக்கும்.

மெதுவாக வாசித்தால் ஒலி கிழிகிறது, சத்தமாக வாசித்தால் நன்றாக இருக்கிறது.

கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன். மேல் பாதி ஒப்படைக்கும்போது கீழ் பாதி இன்னும் விழித்திருக்கவில்லை. ஸ்வரம் அடங்கும்போது வாலில் ஒரு கரகரப்பு கேட்கும். எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மில்லிவோல்ட் அளங்கள். 0.33 ஓம் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் இருந்தால் 30 மில்லிஆம்ப் ஓடுகிறது என்று கணக்கு. பூஜ்யம் என்றால் பயாஸ் இல்லை. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஆம்புக்கு ஆம்ப் மாறும், படத்தில் போட்டிருப்பார்கள். பயாஸை அமைக்கும் ப்ரீசெட் (ஸ்குரூ டிரைவரால் திருகும் சின்னக் கன்ட்ரோல்) பழையது என்றால் திருகும் முன்பே மாற்றிவிடுங்கள். திருகும்போது அதன் முனை ஒரு கணம் தொடர்பை விட்டால், மேலே சொன்ன டயோடு கதை உங்கள் பெஞ்சிலும் நடக்கும். மெல்லத் திருகி, கால் மணி நேரம் சூடாக விட்டு, மறுபடி பாருங்கள்.

ரிவெர்ப் (எதிரொலி) வேலை செய்யவில்லை.

ரிவெர்ப் கன்ட்ரோலை முழுதாக வைத்துப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டுங்கள். ஸ்பிரிங் குலுங்கி ஸ்பீக்கரில் இடி இடித்தால், டேங்கின் (ஸ்பிரிங் உள்ள பெட்டி) அவுட்புட் பக்கமும் அதற்குப் பின்னால் உள்ள சர்க்யூட்டும் நல்லது. பழுது டேங்குக்குள் சிக்னலைத் தள்ளும் பக்கம். இடியே கேட்கவில்லை என்றால் எதிர்ப்பக்கம். ஃபுட்ஸ்விட்ச் ஜாக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டாலும் ரிவெர்ப் ஊமைதான்.

டேங்கைக் கழற்றி இரு பக்கக் காயிலையும் ஓமில் அளங்கள். பரவலாக வந்த ஒரு வகையில் இன்புட் காயில் ஏறக்குறைய 1 ஓம், அவுட்புட் காயில் 200 ஓம் பக்கம் காட்டும். ஓப்பன் என்றால் உடனே டேங்க் தேடக் கிளம்பாதீர்கள். காயிலிலிருந்து சாக்கெட்டுக்கு வரும் முடி போன்ற வயர்தான் முதலில் அறும். ஸ்பிரிங்கின் மேல் மூச்சு விடாமல், சூட்டைக் காட்டி எடுப்பது போல ஒரு சொட்டு ஈயம் வைத்தால் பிழைத்துவிடும்.

எல்லா எலக்ட்ரோலிட்டிக்கையும் முதலிலேயே மாற்றிவிடலாமா?

நான் செய்வதில்லை. முதலில் பழுதைக் கண்டுபிடியுங்கள், ஆம்ப் ஓடட்டும், பிறகு மாற்றுங்கள். ஓடாத ஆம்பில் முப்பது கெப்பாசிட்டரை மாற்றினால், அதில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள். இப்போது பழைய பழுது ஒன்று, புதிய பழுது ஒன்று. ஓடும் ஆம்பில் நான்கு நான்காக மாற்றி, நடுநடுவே போட்டுக் கேட்டால் தப்பு எங்கே நடந்தது என்று தெரியும். வீங்கியது, கசிந்தது, ஹீட்சிங்குக்குப் பக்கத்தில் வெந்தது இவற்றை மாற்றத்தான் வேண்டும். பிலிம் கெப்பாசிட்டர்களைத் தொடாதீர்கள்.

டிரான்சிஸ்டர் எண் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஈடாக எதைப் போடுவது?

ஆம்ப் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த எண்ணை அச்சடித்துக்கொண்ட காலம் அது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 2என்3055 குடும்பத்தில் ஒன்று. ஆனால் சப்ளையைப் பாருங்கள். பிளஸ் 40, மைனஸ் 40 என்றால் ஒரு டிரான்சிஸ்டர் 80 வோல்ட்டைத் தாங்க வேண்டிவரும்; சாதாரண 2என்3055இன் தாக்குப்பிடிப்பு 60 வோல்ட். அங்கே 140 வோல்ட் தாங்கும் 2என்3773 அல்லது எம்ஜே15003 பொருந்தும். நல்ல பிஎன்பி பவர் டிரான்சிஸ்டர் கிடைக்காத நாட்களில் இரண்டு பக்கமும் என்பிஎன் போட்டே செய்தார்கள். அழகுக்காக ஒரு பக்கம் பிஎன்பி மாட்டிவிடாதீர்கள்.

புதிய டிரான்சிஸ்டர் பழையதைவிட வேகமானது, அது எப்போதும் நல்லதல்ல. காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாக ஊளையிட ஆரம்பிக்கலாம். சிக்னலே இல்லாமல் ஹீட்சிங்க் கொதிப்பதும், அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட்டோடு தொடராக இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டர் கருகுவதும் அதன் அடையாளம். போலிகளும் ஏராளம், பெரிய தொப்பிக்குள் கடுகளவு சிலிக்கான் வைத்து விற்கிறார்கள். நம்பகமான விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள்.

60களின் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் என்றால் கதை வேறு. அதன் பேஸ் வோல்டேஜ் 0.2, 0.3 அளவுதான், சிலிக்கானை நேராகப் போட்டால் பயாஸ் ஒத்துவராது. பிளஸ் கிரவுண்டாக இருக்கவும் வாய்ப்புண்டு, கெப்பாசிட்டர் மாற்றும்போது அதை மறந்தால் வெடிக்கும்.

8 ஓம் ஆம்பில் 4 ஓம் ஸ்பீக்கர் போடலாமா? ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டலாமா?

முதல் கேள்விக்குப் பதில், கூடாது. ஓம் குறையக் குறைய கரண்ட் ஏறும், டிரான்சிஸ்டர் சுடும். இரண்டாவதற்கு, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வு ஆம்புக்குத்தான் அது ஆபத்து. ஆரம்பகால டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் சிலவற்றிலும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, அவற்றுக்கு லோடு போட்டுவிடுங்கள். சில ஆம்ப்களில் ஸ்பீக்கரின் மைனஸ் நேராக சேசியில் இருக்காது, அரை ஓமுக்கும் குறைவான ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அங்கே மாட்டாதீர்கள்.

ஸ்பீக்கர் நல்லதா என்று பார்க்க, 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6, 7 ஓம் காட்டும். ஒற்றை சப்ளை ஆம்பில் சத்தம் மெலிந்து பாஸ் காணாமல் போனால், ஸ்பீக்கரைச் சந்தேகிக்கும் முன் அதற்கு முன்னால் நிற்கும் பெரிய கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தது. கொடுத்துவிடலாமா?

இன்னும் இல்லை. பல்பை எடுத்துவிட்டு, டம்மி லோடு போட்டு, அவுட்புட் டிசியை மறுபடி அளங்கள். 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைக் கொடுத்து வால்யூமை ஏற்றுங்கள். 50 வாட் ஆம்ப் என்றால் 8 ஓமில் 20 வோல்ட் ஏசி வர வேண்டும். அந்த உச்சத்தில் நீண்ட நேரம் வைக்காதீர்கள். பாதியில் வைத்து ஒரு மணி நேரம் ஓடட்டும். ஹீட்சிங்க்கில் கை வைக்க முடிகிறதா, ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஆறிய பிறகு டம்மி லோடை எடுத்துவிட்டு, பழைய ஸ்பீக்கரை மாட்டி மறுபடி போட்டு, மரக்குச்சியால் ஒரு சுற்று. பிறகு அந்தப் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஆம்பின் சொந்த ஸ்பீக்கரை மாட்டுங்கள்.